மணிக்கூண்டு அருகே ஒரு பிரபல பேக்கரி

ரொட்டிக்காரருக்குக் காலையில் பேப்பரைப் பிரித்தால்தான் டீ உள்ளே இறங்கும். நாட்டு நடப்பைத் தெரிந்துகொள்ள அல்ல, மாப்பிள்ளையைச் சீண்டுவதற்கு. அவருடைய ஒரே மகளைக் கட்டியவர் அந்தப் பேப்பர் ஆபீசில் உதவி ஆசிரியர். நிருபர்கள் எழுதி அனுப்புகிறதை வெட்டி, ஒட்டி, தலைப்புப் போடுகிற வேலை. கல்யாணம் ஆனதிலிருந்து மாமனார் வீட்டு மாடியில்தான் குடித்தனம். வீட்டோடு மாப்பிள்ளை என்றால் தெருவில் நாலு பேர் நாலு விதமாகப் பேசத்தான் செய்வார்கள். ரொட்டிக்காரர் அதையெல்லாம் காதில் போட்டுக்கொண்டதே இல்லை. மாப்பிள்ளைக்கு மரியாதையில் குறை வைக்க மாட்டார், கிண்டலிலும் குறை வைக்க மாட்டார்.

“மாப்பிள்ளை, நேத்து மார்க்கெட்ல ‘பெரும் பரபரப்பு நிலவியது’ன்னு போட்டிருக்கீங்க. நான் ஈஸ்ட் வாங்க அங்கதான் போயிருந்தேன். ஒரு மாடு ஒருத்தன் கூடையைத் தட்டிவிட்டுச்சு. அவன் மாட்டைத் திட்டினான். மாடு போயிருச்சு. அவ்வளவுதான்.”

“மாடு கூடையைத் தட்டிவிட்டுச்சுன்னு போட்டா யாரு மாமா காசு குடுத்து வாங்குவா?”

“அதுவும் சரிதான். இது என்ன, ‘கைகலப்பு ஏற்பட்டதாகக் கூறப்படுகிறது’? யாரு கூறினது?”

“யாரும் கூறலேன்னாலும் கூறப்படும் மாமா. அது எங்களுக்குக் குடை மாதிரி. நாளைக்கு எவனாவது வக்கீல் நோட்டீஸ் விட்டா, நாங்க சொல்லல, கூறப்பட்டதுன்னு சொல்லிக்கலாம்ல.”

“நல்ல குடைய்யா. உங்களுக்குக் குடை, நனையிறவன் எவனோ!”

மூன்று பேரும் சிரிப்போம். மூன்றாவது ஆள் நான். எதிர்ச்சாரியில் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். கண்ணாடி அறுத்துக் கொடுப்பதும் படங்களுக்குச் சட்டம் போடுவதும் தொழில். ‘கண்ணாடி’ என்பதே என் பெயராகிப்போனது. காலை டீக்கு அவர் கடைப் பன்தான். கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும் கண்ணாடி அலமாரி நான் செய்து கொடுத்தது. அதைத் துணியால் துடைத்துத் துடைத்தே அவர் மகள் பாதி தேய்த்துவிட்டாள். அவளைப் பாப்பா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். கல்லாவில் உட்காருவது அவள்தான்.

கடை சின்னது. முன்னால் கல்லா, அதற்குப் பின்னால் மாவு பிசைகிற அறை, அதற்கும் பின்னால் செங்கல் அடுப்பு, அதைத் தாண்டினால் வீடு. வீட்டுக்குள் போகிறவர் யாரானாலும் அடுப்பைத் தாண்டித்தான் போக வேண்டும். மழைக்காலத்தில் அண்ணி, அதாவது ரொட்டிக்காரர் சம்சாரம், துணியெல்லாம் அடுப்புக்கு எதிரே கொடி கட்டி உலர்த்துவார். அந்த வீட்டில் எல்லாருடைய சட்டையிலும் ரொட்டி வாசம்தான். மாப்பிள்ளை பேப்பர் ஆபீசுக்குப் போனால் அங்கே இருப்பவர்களுக்குப் பசி எடுக்குமாம்.

அந்த அடுப்பு ஆறக் கூடாது என்பது அவர்கள் வீட்டுச் சட்டம். வேலை இல்லாத நாளிலும் ரெண்டு கட்டையாவது உள்ளே கிடக்கும். ஒருமுறை முழுசாக ஆறிவிட்டால் செங்கல் விரிசல் விடும், மறுபடி பதத்துக்குக் கொண்டுவருவதற்குள் தாவு தீர்ந்துவிடும் என்பார். பாப்பா கல்யாணத்தன்றுகூட மாவு பிசைகிறவர் தாலி கட்டும்வரை நின்றுவிட்டு, விறகு போட ஓடினார்.

போடுவது ரொட்டி, பன், ரஸ்க். அவ்வளவுதான். கேக் கிடையாது, கிரீம் கிடையாது. கேட்டால், “கிரீம் ஒரு ராத்திரி தாங்காது. தாங்காத சாமானை வச்சுக்கிட்டு நான் எப்படித் தூங்குறது?” என்பார். கிரீம் வேண்டும் என்பவர்கள் மணிக்கூண்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஏ.சி. கடைக்குப் போவார்கள். பெரிய கடை. கதவைத் திறந்தால் குளிர் முகத்தில் அடிக்கும். மணிக்கூண்டுக்கு அந்தப் பக்கம் அது, இந்தப் பக்கம் இது. இத்தனை வருஷமாக ஒன்றுக்கொன்று தொந்தரவில்லாமல் நடந்தது.

அன்றைக்கு விடிந்ததிலிருந்து தூறல். ரஸ்க் நமத்துப் போகிற காலம். டின்னை இறுக்கி மூடிக்கொண்டே ரொட்டிக்காரர் பேப்பரைப் பிரித்தார். மாப்பிள்ளை வேலை முடிந்து நேரம் கழித்து வந்து மாடியில் தூங்கிக்கொண்டிருந்தார்.

“இதைக் கேளு கண்ணாடி. ‘பன் சாப்பிட்ட மாணவர்களுக்கு வாந்தி, மயக்கம். பிரபல பேக்கரி மீது புகார்.’ அட கடவுளே, பிள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?”

“மேல படிங்கண்ணே.”

“‘மணிக்கூண்டு அருகே இயங்கிவரும் பிரபல பேக்கரி ஒன்றில் வாங்கியதாகக் கூறப்படும் பன்களைச் சாப்பிட்ட மாணவர்கள் சிலர்...’ ஆஸ்பத்திரியில சேர்த்து, நல்லா இருக்காங்களாம். நல்ல வேளை. ‘இச்சம்பவம் அப்பகுதியில் பெரும் பரபரப்பை ஏற்படுத்தியுள்ளது.’ வந்துட்டாருய்யா நம்ம மாப்பிள்ளை!” சிரித்தார். “பாரு, இத்தனை வருஷம் கடை வச்சிருக்கேன், என்னை ஒருநாள் பிரபலம்னு எழுதியிருக்காரா? ஏ.சி. கடைதான் பிரபலம். பாவம், அவனுக்கு இன்னைக்குத் தலைவலிதான்.”

கடைசியில் ஒரு வரியில் கிரீம் பன் என்று இருந்தது. அதையும் அவர் படித்தார். ‘அதானே பாத்தேன்’ என்று பேப்பரை மடித்து வைத்தார். நானும் டீயைக் குடித்துவிட்டுக் கடைக்கு வந்துவிட்டேன். இது எங்களைப் பற்றியது என்று எங்கள் ரெண்டு பேருக்குமே தோன்றவில்லை.

முதலில் வந்தது தினமும் பிள்ளையைப் பள்ளிக்கூடம் விடப் போகும்போது பன் வாங்கும் ஒரு அம்மா. பாப்பா வழக்கம்போல எடுத்துச் சுற்றி நீட்டினாள். அந்த அம்மா கையை நீட்டிவிட்டுப் பாதியில் இழுத்துக்கொண்டாள்.

“இன்னைக்கு வேணாம்மா. இவனுக்கு வயிறு ஒரு மாதிரி இருக்கு.”

“எனக்கு ஒண்ணும் இல்லம்மா,” என்றது பிள்ளை. அந்த அம்மா அதன் வாயைப் பொத்தி இழுத்துக்கொண்டு போனாள்.

அப்புறம் தெருக்கோடி டீக்கடைக்காரர். பன் மொத்தமாக எடுக்கிறவர். அன்றைக்குக் கூடையைக் கொண்டுவராமல் கையை வீசிக்கொண்டு வந்தார். “நாளைக்குப் பாத்துக்கலாம்ணே, மழையில கூட்டம் இல்ல,” என்றார். மழை பெய்தால்தான் டீக்கடையில் கூட்டம் என்பது குழந்தைக்கும் தெரியும்.

வெயில் ஏறவேண்டிய நேரத்தில் மழை வலுத்தது. அப்போதுதான் மாணவர் விடுதி வண்டி வந்து நின்றது. காலையில் அனுப்பிய ரொட்டியெல்லாம் அப்படியே தட்டோடு திரும்பி வந்திருந்தது. ஓட்டுநர் முகத்தைப் பார்க்காமல் இறக்கி வைத்தார்.

“வார்டன் சொல்லிட்டாங்க. உங்க மேல சந்தேகம்னு இல்ல. பேப்பர்ல வந்திருக்கே.”

“பேப்பர்ல நாங்கன்னா வந்திருக்கு?”

“நீங்க இல்லேன்னும் வரலையேண்ணே.”

  நான் சுத்தியலைப் போட்டுவிட்டுத் தெருவைத் தாண்டி வந்தேன். தட்டுகளைப் பிடித்து உள்ளே வைத்தோம். ரொட்டி இன்னும் மெத்தென்று இருந்தது.

மத்தியானம் மாப்பிள்ளை கீழே இறங்கி வந்தபோது, என்னையும் சேர்த்து வீடே அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது. அண்ணி, விற்காத ரொட்டியைத் துண்டு போட்டுப் பருப்போடு வைத்திருந்தார். யாரும் தொடவில்லை. மாவு பிசைகிறவர், பிசைவதா வேண்டாமா என்று தெரியாமல் தொட்டிக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“மாப்பிள்ளை, நாளைக்குப் பேப்பர்ல ஒரு வரி போட்டுருங்க. அந்தக் கடை நாங்க இல்லேன்னு. முடிஞ்சுது கதை.”

மாப்பிள்ளை உட்கார்ந்தார். “அது முடியாது மாமா.”

“ஏன்?”

“உங்க பேரையே போடலையே. போடாத பேருக்கு எப்படி மறுப்புப் போடுறது? ஆபீஸ்ல சிரிப்பாங்க.”

“அப்ப எந்தக் கடைன்னு போடுங்க.”

“அதுவும் முடியாது. கேஸ் பதிவாகாம கடை பேரு போடுறதில்ல. அது ஆபீஸ் வழக்கம். பெரிய கடைன்னா கேஸ் பதிவானாலும் யோசிப்பாங்க. விளம்பரம் குடுக்கிறவன்.”

பாப்பா அடுப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். “எந்தக் கடைன்னு உங்களுக்குத் தெரியுமாங்க?”

அவர் தட்டைத் தள்ளி வைத்தார். 

“தெரியும். நிருபர் எழுதினதுல பேரு இருந்துச்சு. நான்தான் எடுத்தேன். எடுத்துட்டு, பிரபல பேக்கரின்னு போட்டேன்.”

“மணிக்கூண்டு அருகேன்னு?” என்றார் அண்ணி.

“ஏதாவது ஒரு அடையாளம் வேணும்ல அத்தை. இல்லேன்னா செய்தி அந்தரத்துல நிக்கும்.”

“கிரீம் பன்னுங்கிறதைத் தலைப்புல போட்டிருந்தா நமக்கு இந்தக் கதி இல்லையே?”

“இடம் பத்தல. ஒத்தைப் பத்தித் தலைப்பு. ரெண்டு வரிக்கு மேல போகக் கூடாது. உள்ள இருக்கு அத்தை, கிரீம்னு...”

“உள்ள யாருய்யா படிக்கிறா!” அண்ணி கத்தியே விட்டார். அவர் மாப்பிள்ளையைப் பார்த்து ‘யா’ போட்டது அதுதான் முதல் தடவை.

ரொட்டிக்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். மெதுவாகக் கேட்டார். “மணிக்கூண்டு அருகேன்னு எழுதும்போது நம்ம கடை உங்க நினைப்புக்கு வரலையா மாப்பிள்ளை? சும்மாதான் கேக்கிறேன்.”

மாப்பிள்ளை பொய் சொல்லியிருக்கலாம். வேலையில் தினமும் எத்தனையோ சொற்களை மழுப்பிப் போடுகிறவர். ஆனால் அந்த மனுஷர் அப்போது உண்மையைச் சொன்னார்.

“வரல மாமா. பிரபல பேக்கரின்னு எழுதினேன்ல. நம்ம கடை... நினைப்புக்கே வரல.”

ரொட்டிக்காரர் சிரித்தார். “சரிதான். நாம பிரபலம் இல்லதானே?” சிரித்துக்கொண்டே எழுந்து ரெண்டு கட்டையை எடுத்து அடுப்புக்குள் தள்ளினார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை.

“நீங்க பேரைச் சொல்லிருங்க,” என்றாள் பாப்பா புருஷனிடம். “ஏ.சி. கடைன்னு தெருவுல நாலு பேர்கிட்டச் சொன்னாப் போதும். சாயங்காலத்துக்குள்ள ஊருக்கே தெரிஞ்சிரும்.”

“வேலை போயிரும்.”

“போகட்டும்.”

“வேணாம் பாப்பா,” என்றார் ரொட்டிக்காரர். “அவன் பன்னுலதான் கோளாறுன்னு நமக்கு எப்படித் தெரியும்? பிள்ளைங்க வேற எதைத் தின்னுச்சோ, எந்தத் தண்ணியைக் குடிச்சுதோ. நம்ம மேல மண்ணு விழுந்துச்சுன்னு அவன் மேல அள்ளிப் போடுறதா? அவனுக்கும் அடுப்பு இருக்கு.”

அந்த நேரத்தில் அவர்மேல் எனக்குக் கோபம்தான் வந்தது. இவ்வளவு நல்லவராக இருந்தால் எவன் பிழைக்கிறது?

ஆனால் சும்மா இருக்கவும் அவரால் முடியவில்லை. கடை வாசலில் ஒரு போர்டு வைக்கலாம் என்றார். மாப்பிள்ளை தலையில் கை வைத்துக்கொண்டார்.

“மாமா, இது என் தொழில், நான் சொல்றேன் கேளுங்க. மறுத்தா ஒட்டிக்கும். மறுப்புன்னு ஒண்ணைப் பாத்தா, என்னத்தை மறுக்கிறான்னுதான் எல்லாரும் பாப்பாங்க.”

“சும்மா இருந்தா?”

“சும்மா இருந்தா, ‘கருத்துக் கூற மறுத்துவிட்டார்’னு எழுதுவோம்.”

“பேசினா?”

“‘மறுத்துள்ளார்.’”

“கோபப்பட்டா?”

“‘ஆவேசம்.’”

“அழுதா?”

“‘கண்ணீர் மல்க.’”

“அப்ப நான் என்னதான்யா செய்யிறது?”

 மாப்பிள்ளையிடம் எல்லாவற்றுக்கும் சொல் இருந்தது, வழி இல்லை.

போர்டு வைத்தோம். வேண்டாம் என்ற மாப்பிள்ளையே எழுதிக் கொடுத்தார். விட்டால் மாமனார் இன்னும் மோசமாக எழுதிவிடுவார் என்ற பயம். ‘செய்தித்தாளில் குறிப்பிடப்பட்ட பேக்கரி எங்கள் கடை அல்ல. எங்கள் கடையில் கிரீம் பன் தயாரிப்பதே இல்லை. வாடிக்கையாளர்கள் நம்ப வேண்டாம்.’ எதை நம்ப வேண்டாம் என்று இல்லையே என்றாள் பாப்பா. வதந்திகளை என்று நடுவில் சேர்த்தார்கள். மழையில் நனையாமல் இருக்க நான் கண்ணாடி போட்டு, மரச்சட்டம் அடித்து, வாசல் சுவரில் நாலு மூலையிலும் திருகு முடுக்கிக் கொடுத்தேன். நல்ல வேலைதான் செய்தேன். தெருமுனையிலிருந்தே படிக்கலாம்.

படித்தார்கள். அதுவரை பேப்பர் படிக்காதவர்களும் நின்று படித்தார்கள். ரிக்‌ஷாவில் போகிறவர் கழுத்தைத் திருப்பிப் படித்தார். “என்னவாம்?” “யாரோ செத்துட்டாங்களாம்.” “பன் தின்னா?” இப்படிப் போனது பேச்சு. மறுநாள் காலையிலேயே டி.வி. வந்துவிட்டது. கையில் மைக்கோடு ஒரு பையன், தோளில் கேமராவோடு இன்னொருவன்.

ரொட்டிக்காரர் மாவுக் கையோடு வெளியே வந்தார். டி.வி. என்றதும் கொஞ்சம் சந்தோஷம்கூட. இனி நாலு பேருக்கு நியாயம் தெரியும் என்று நினைத்தார்.

“உங்க கடை மேல வந்திருக்கிற குற்றச்சாட்டுக்கு என்ன சொல்றீங்க?”

“என் கடை மேல குற்றச்சாட்டே வரலையே தம்பி.”

“அப்ப ஏன் மறுக்கிறீங்க?”

ரொட்டிக்காரர் அந்தப் பையனைப் பார்த்தார், போர்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கையிலிருந்த மாவை வேட்டியில் துடைத்தார்.

சாயங்காலம் செய்தியில் அதைத்தான் காட்டினார்கள். அவர் கையைத் துடைக்கிறார், திரும்பிப் பார்க்கிறார், மறுபடி துடைக்கிறார். கீழே சிவப்புப் பட்டையில், ‘நச்சு பன் விவகாரம்: ரொட்டிக்கடைக்காரர் பதற்றம்.’ நச்சு என்ற சொல் அதுவரை எங்கேயும் இல்லை. கிரீம் பன் நாங்கள் போடுவதே இல்லை என்று அவர் கொல்லைப்புறம்வரை கூட்டிப்போய்ச் சொன்னதையெல்லாம் வெட்டிவிட்டார்கள். கடைப் பெயர்ப் பலகை மட்டும் நன்றாகத் தெரிந்தது. நான் போட்ட கண்ணாடியும் பளபளவென்று தெரிந்தது.

அண்ணி எழுந்து போய் டி.வி.யை அணைத்தார். “ஒரு பேரும் போட மாட்டோம்னீங்களே மாப்பிள்ளை. இப்ப ஊருல ஒரே ஒரு பேருதான் வந்திருக்கு. யாரு பேரு?”

மாப்பிள்ளை சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

அதற்குப் பிறகு தூறல் நின்றபாடில்லை, கடையில் ஆள் ஏறினபாடில்லை. மாவு பிசைகிறவர் ஒரு தொட்டி பிசைந்த இடத்தில் ஒரு சட்டி பிசைந்தார். மூன்று வேளையும் வீட்டில் ரொட்டிதான். பாலில் நனைத்து, குழம்பில் தோய்த்து, ரஸ்க்கைப் பொடித்துக் கஞ்சியாக்கி, எத்தனை விதம் உண்டோ அத்தனையும் அண்ணி செய்து பார்த்தார். மிச்சத்தைத் தெருநாய்கள் தின்று கொழுத்தன. “நாய் நல்ல ஜாதி கண்ணாடி, பேப்பர் படிக்காது,” என்றார் ரொட்டிக்காரர்.

ஆனால் அடுப்பை மட்டும் ஆறவிடவில்லை. உள்ளே ஒரு ரொட்டி டின்கூட இல்லாமல் வெறும் அடுப்பு எரிந்தது. விறகு மாப்பிள்ளை சம்பளத்தில் வந்தது. பேப்பர் வேலையை விட்டுவிடுகிறேன் என்று அவர் ஒருநாள் ஆரம்பித்தபோது, “விட்டுட்டு? இங்க வந்து மாவு பிசையப் போறீங்களா? பிசைஞ்சு யாருக்குப் போடுறது?” என்று மாமனார் கேட்டார். குத்திக் கேட்கவில்லை, உள்ளபடிதான் கேட்டார். அந்த வீட்டைச் சாய்த்த வேலைதான் அந்த வீட்டைத் தாங்கியும் பிடித்தது. விடவும் முடியாது, வைத்துக்கொள்ளவும் கூசும்.

ரொட்டிக்காரர் ஒரு பையில் ரொட்டியும் பன்னும் போட்டுக்கொண்டு குடை பிடித்துச் சுகாதார ஆபீசுக்குப் போனார். என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அங்கே இருந்தவர் நல்ல மனுஷர்தான். உட்காரச் சொன்னார்.

“இதைச் சோதிச்சு, நல்லா இருக்குன்னு ஒரு தாள் குடுங்கய்யா.”

“உங்க மேல புகார் வந்திருக்கா?”

“வரலைங்க.”

“புகார் இல்லாம எப்படிப் பெரியவரே சோதிக்கிறது?”

“அப்ப யாரையாவது புகார் குடுக்கச் சொல்லவா?”

அவர் சிரித்துவிட்டார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. திரும்பி வரும்போது பையிலிருந்த பன்னை நடந்துகொண்டே நான் ஒன்று தின்றேன், அவர் ஒன்று தின்றார். நன்றாகத்தான் இருந்தது. அதைச் சொல்லவும் அழுகை வந்தது எனக்கு.

பிறகு ஒருநாள் வானம் வெளுத்தது. அன்றைக்குக் காலையில் மாப்பிள்ளை தூங்கப் போகாமல் கல்லாவுக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பேப்பர் மடித்தபடியே மடியில் இருந்தது. ரொட்டிக்காரர் அதைப் பிடுங்கிப் பிரித்தார். முதல் பக்கம். நாலு பத்தித் தலைப்பு. இந்தத் தடவை இடத்துக்குப் பஞ்சமில்லை.

“‘வதந்திக்கு முற்றுப்புள்ளி. பிரபல பேக்கரியின் தயாரிப்புகள் தரமானவை: ஆய்வில் உறுதி.’ கண்ணாடி! ஓடி வா! முடிஞ்சுது!”

ஓடினேன். ஏ.சி. கடையின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. முதலாளியின் சிரித்த படம் இருந்தது. அவர்கள் பன்னில் ஒரு குறையும் இல்லையாம். ‘மாணவர்களின் உடல்நலக் குறைவுக்கான காரணம் குறித்து விசாரணை நடைபெற்று வருகிறது.’

“பாத்தீங்களா, நான் அன்னைக்கே சொன்னேன்ல, அவன் மேலயும் தப்பு இருக்காதுன்னு!” ரொட்டிக்காரருக்குக் கண்ணெல்லாம் ஈரம். “அவன் பேரை நாம சொல்லியிருந்தா எவ்வளவு பாவம்! மாவை முழுத் தொட்டி போடச் சொல்லு பாப்பா. ஏன் மாப்பிள்ளை உம்முன்னு இருக்கீங்க?”

 பாப்பா பேப்பரை வாங்கிப் பார்த்தாள். அவள் கெட்டிக்காரி.

“கெட்ட சேதிக்குப் பேரில்ல, நல்ல சேதிக்கு மட்டும் பேரும் படமுமா? இந்த வதந்தி எங்க இருந்துங்க வந்துச்சு? தானா முளைச்சுதா?”

“நாங்க போட்டா செய்தி. பொய்யாப் போயிட்டா வதந்தி,” என்றார் அவர். குரலே எழும்பவில்லை. “நம்ம கடையை ஒரு வரி சேர்க்கலாம்னு கேட்டேன். சோதனைக்கே போகாத கடையை எப்படி நல்லதுன்னு போடுறதுன்னுட்டாங்க.”

ரொட்டிக்காரருக்கு அது அப்போதும் முழுசாக உறைக்கவில்லை. உள்ளே போய்த் தொட்டியில் தண்ணீர் ஊற்றினார். ரொம்ப நாளைக்குப் பிறகு அந்த அறையில் மாவு அடிக்கிற சத்தம் தெருவரை கேட்டது. பன் வெந்து அலமாரிக்கு வந்தது. வாசம் பிடித்துக்கொண்டு நாய்கள்தான் முதலில் வந்தன.

அப்புறம் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அந்த அம்மா வந்தாள். ரொட்டிக்காரரே கல்லாவுக்கு ஓடி வந்தார். “வாம்மா, வா. பேப்பர் பாத்தியா?”

“பாத்தேண்ணே. அந்தப் பெரிய கடை இல்லையாம்ல.” அவள் போர்டை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் தணிந்த குரலில், கூடப் பிறந்தவனிடம் பேசுகிற மாதிரி சொன்னாள். “மனசைத் தளர விடாதீங்க. நீங்க வேணும்னா செஞ்சீங்க? தெரியாம நடந்திருக்கும். யாருக்குத்தான் நடக்கல?”

பன் வாங்கவில்லை. பிள்ளையின் தோளைத் தள்ளிக்கொண்டு நடந்தாள்.

ரொட்டிக்காரர் கல்லாவைப் பிடித்துக்கொண்டு நின்றார். சந்தேகப்பட்டவர்களை இத்தனை நாள் தாங்கிக்கொண்ட மனுஷர், மன்னிப்பைத் தாங்க முடியாமல் நின்றார். திட்டியிருந்தால் பதில் சொல்லலாம். மன்னித்தவளிடம் என்ன சொல்வது?

“மாப்பிள்ளை,” என்றார். “அவன் இல்லேன்னு ஆயிட்டா, மணிக்கூண்டு பக்கத்துல மிச்சம் இருக்கிறது யாரு?”

மாப்பிள்ளை பெஞ்சிலிருந்து எழுந்து அடுப்புப் பக்கம் போய்விட்டார். அங்கே போய் அழுதார். எனக்குக் கேட்டது.

“கண்ணாடி, திருப்புளி எடுத்துட்டு வா,” என்றார் ரொட்டிக்காரர். “இந்தச் சனியனைக் கழட்டு. அன்னைக்கே மாப்பிள்ளை சொன்னாரு.”

ஏணி போட்டு ஏறினேன். அவர் கீழே போர்டைத் தாங்கிப் பிடித்தார். மழையில் திருகெல்லாம் துரு ஏறியிருந்தது. மேலே ரெண்டையும் கழற்றி வாயில் கவ்விக்கொண்டேன். மூன்றாவதில் கை வைக்கும்போது முதுகுக்குப் பின்னால் ஒரு குரல். டீக்கடைக்காரர். அவர் பின்னால் விடுதி வண்டி ஓட்டுநர். தெருவில் போய்க்கொண்டிருந்த இன்னும் ரெண்டு பேர் நின்றார்கள்.

“என்னண்ணே, போர்டை எடுக்கிறீங்க?” டீக்கடைக்காரர் குரலில் கெடுதல் ஒன்றும் இல்லை. “அப்ப, ஒத்துக்கிட்டீங்களா?”

நான் ஏணியில் அப்படியே நின்றேன். ரொட்டிக்காரரின் கை போர்டின் அடியில் இருந்தது.  எடுத்தால் ஒப்புக்கொண்டது, வைத்தால் மறுத்தது. நின்றவர்கள் எல்லோரும் அவர் என்ன செய்வார் என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“யாரு எடுக்கிறா?” என்றார். “மழையில சேறு அடிச்சிருக்கு. துடைக்கிறோம்.”

“அதானே பாத்தேன்,” என்றார் டீக்கடைக்காரர்.

ரொட்டிக்காரர் தோளில் கிடந்த துண்டை எடுத்தார். கண்ணாடியில் வாய்க்காற்றை ஊதி, ஓரத்திலிருந்து ஒவ்வொரு எழுத்தாக, அந்தக் கடை நாங்கள் அல்ல என்பதைத் துடைத்தார். கூட்டம் கலையும்வரை துடைத்தார். வெயில் பட்டு அது புதுசு மாதிரி மின்னியது.

“கண்ணாடி,” என்றார், என்னை நிமிர்ந்து பார்க்காமல். “நல்லா இறுக்கு. காத்துல ஆடக் கூடாது.”

கழற்றிய திருகுகளை வாயிலிருந்து எடுத்து மறுபடி முடுக்கினேன்.